எந்த வெக்டர் மென்பொருள் என்று அக்கா மகள் கேட்டாள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள். "சித்தி, லோகோ வரையக் கத்துக்கணும். இல்லஸ்ட்ரேட்டரா, கோரல்டிராவா, இங்க்ஸ்கேப்பா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க." இருபது வருடத்துக்கும் மேலாக இதே வேலையில் இருக்கிறவளிடம் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் எனக்குப் பதில் சட்டென்று வரவில்லை. "நீ வரையறது கடைசியா எங்க போகும்?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சித்தி, முதல்ல பேரச் சொல்லுங்க" என்றாள்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் ஒரு காலத்தில் இருந்தேன். அதற்கு நான் கொடுத்த விலையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். போனில் முடியவில்லை, எழுத வேண்டியதாயிற்று.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு சிறிய நாடகக் குழுவுக்கு முத்திரை வரைந்து கொடுத்தேன். ஒரு முகமூடி, அதன் நெற்றியைச் சுற்றி வளைந்து ஓடும் குழுவின் பெயர். எந்த எழுத்துருவையும் எடுக்காமல் ஒவ்வோர் எழுத்தையும் நானே வளைத்து வரைந்தது. பதினான்கு வருடம் கழித்து அதே குழுவினர் மேடை அகலத்துக்குப் பேனர் வேண்டும் என்று வந்தார்கள். கோப்பை நான் தொலைக்கவில்லை. சிடியிலிருந்து ஹார்ட் டிஸ்க், அதிலிருந்து இன்னொன்று என்று மாற்றி மாற்றிப் பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அதைத் திறக்கிற மென்பொருள்தான் இல்லை. அதன் தயாரிப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது, புதிய கணினியில் அதை நிறுவவே முடியவில்லை. கையில் மிஞ்சியது பழைய மின்னஞ்சல் ஒன்றில் கிடந்த 300 பிக்சல் அகலப் படம். அதை அடியில் வைத்து, எழுத்து எழுத்தாக மறுபடி வரைந்தேன். மூன்று நாள் ஆனது. முடித்த பிறகும், முதலில் வரைந்த 'ழ'வின் வால் எப்படி வளைந்திருந்தது என்பது எனக்கு நிச்சயமில்லை. அந்தப் படத்தில் அது ஏழெட்டுச் சதுரங்களாகத்தான் தெரிந்தது.

வேலை முடிந்த அன்றே ஒரு பிடிஎஃப் போட்டு வைத்திருந்தால் போதும், இந்த மூன்று நாளும் தேவைப்பட்டிருக்காது. அதை நான் செய்யவில்லை. அன்றிலிருந்து, மென்பொருளைப் பார்ப்பதற்கு முன்னால் அது விட்டுச்செல்லும் கோப்பைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

எந்த மென்பொருள் என்பது இங்கே முக்கியமில்லை. ஊரறிந்த உதாரணமாக ஃப்ரீஹேண்டைச் சொல்லலாம். ஆல்ட்சிஸ் என்ற நிறுவனம் உருவாக்கி, ஆல்டஸ் 1988-ல் வெளியிட்ட மென்பொருள் அது. 1990-களின் நடுவில் மேக்ரோமீடியாவின் கைக்குப் போனது. 2005-ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது. 2007-ல், ஃப்ரீஹேண்டை இனி மேம்படுத்தப் போவதில்லை என்ற அறிவிப்பு வந்தது. ஒரே கோப்பில் பல பக்கங்கள் வைக்கும் வசதி அதில் வெகுநாளாக இருந்தது. இல்லஸ்ட்ரேட்டருக்குப் பல ஆர்ட்போர்டுகள், அதாவது ஒரே கோப்பில் பல பக்கங்கள், வந்தது 2008-ல்தான். அதாவது மோசமான மென்பொருள் என்பதால் அது சாகவில்லை. அதை நேசித்தவர்கள் அமைப்பாகத் திரண்டு 2011-ல் நீதிமன்றம் வரை போனார்கள். அப்படியும் ஃப்ரீஹேண்ட் திரும்பி வரவில்லை. இன்றைக்கு யாரிடமாவது பழைய ஃப்ரீஹேண்ட் கோப்பு கிடந்தால், லிப்ரேஆபிஸ் டிராவில் திறந்து பாருங்கள். தன்னார்வலர்கள் அந்த வடிவத்தைப் பிரித்து ஆராய்ந்து, படிக்கிற நிரலை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாம் அப்படியே வராது, ஆனால் கோடுகள் பெரும்பாலும் பிழைத்து வரும். முன்பின் தெரியாதவர்களுடைய கோப்புக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்களே என்று நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும்.

வெக்டர் படம் என்பது அடிப்படையில் குறிப்புகளின் தொகுப்பு. இந்தப் புள்ளியில் தொடங்கு, இப்படி வளை, இங்கே முடி, உள்ளே இந்த நிறத்தைப் பூசு. அதனால்தான் ஒரு லோகோவை விரல் நகத்தளவிலும் மேடையளவிலும் ஒரே கூர்மையோடு அச்சிட முடிகிறது. அந்தக் குறிப்புகளை எந்த மொழியில் எழுதி வைக்கிறோம் என்பதுதான் கோப்பு வடிவம். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் புரிகிற மொழியில் எழுதினால், அந்த நிறுவனம் இருக்கிறவரைதான் நம் படம் இருக்கும்.

எஸ்விஜி என்ற பொதுக் கோப்பு வடிவம் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பில் 1998-ல் அதற்கான வேலை தொடங்கி, 2001 செப்டம்பரில் முதல் பதிப்பு தரமாக அறிவிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் அதன் விதிகளைப் படிக்கலாம், படித்து மென்பொருள் எழுதலாம். ஓர் எஸ்விஜி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். அது வெறும் எழுத்துதான். எம் என்ற எழுத்தும் இரண்டு எண்களும் வந்தால் அந்த இடத்துக்குப் போய்ப் பேனாவை வை என்று பொருள். எல் வந்தால் நேர்கோடு. சி வந்தால் வளைவு, அதன் பின்னால் மூன்று ஜோடி எண்கள் இருக்கும். இசட் வந்தால் தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து மூடு. இவ்வளவுதான் முக்கால்வாசி. முதல்முறை திறந்து பார்த்தபோது, நான் இத்தனை வருடம் கையால் செய்துகொண்டிருந்தது இதுதானா என்று வெகுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்காக எல்லாவற்றையும் எஸ்விஜியில் போட்டால் கவலையில்லை என்று சொல்ல மாட்டேன். இங்க்ஸ்கேப் சேமிக்கும் எஸ்விஜியில் அதன் சொந்தக் குறிப்புகளும் கலந்திருக்கும்; அதனால்தான் 'பிளெயின் எஸ்விஜி' என்று தனியாக ஒரு சேமிப்பு வழி அதில் இருக்கிறது. இங்க்ஸ்கேப்பில் போடும் மெஷ் கிரேடியன்டை, அதாவது வலைப்பின்னல் போல நிறங்களைக் கலக்கும் பூச்சை, உலாவிகள் தாமாகக் காட்டுவதில்லை. இல்லஸ்ட்ரேட்டரின் சொந்தக் கோப்பைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2000-ல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து அதற்குள்ளே ஒரு பிடிஎஃப்பும் இருக்கும், சேமிக்கும்போது பிடிஎஃப் இணக்கம் என்ற கட்டத்தில் டிக் இருந்தால். அந்த டிக்கை எடுத்துவிட்டால் கோப்பு சிறிதாகும், ஆனால் வேறு எந்த மென்பொருளிலும் அதைத் திறந்து படத்தைப் பார்க்க முடியாது. இடத்தை மிச்சப்படுத்த அந்த டிக்கை எடுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எடுக்காதீர்கள்.

நான் இப்போது ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கோப்புகள் வைக்கிறேன். வரைந்த மென்பொருளின் சொந்தக் கோப்பு, ஒரு பிடிஎஃப், எழுத்துகளையெல்லாம் வளைகோடுகளாக மாற்றிய ஓர் எஸ்விஜி. சேமிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சரி, அவளிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வரைவது எங்கே போகும்?

அச்சுக்குப் போகிறது என்றால் நிறம்தான் முதல் பிரச்சினை. திரை ஒளியைக் கூட்டி நிறம் காட்டுகிறது, அச்சு மையைக் கூட்டி நிறம் காட்டுகிறது. திரையில் பளபளக்கும் பச்சையும் நீலமும் நான்கு மைகளின் எல்லைக்குள் அடங்காது. அச்சகத்துக்குக் கொடுக்கும் கோப்பில் கருப்பு எழுத்து கருப்பு மையால் மட்டும் அச்சாக வேண்டும். அது நான்கு மைகளின் கலவையாகப் பிரிந்து போனால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிறிய எழுத்துகளைச் சுற்றி வண்ண விளிம்பு தெரியும். இந்த இடத்தில் இல்லஸ்ட்ரேட்டர், கோரல்டிரா, அஃபினிட்டி மூன்றும் நம்பிக்கையாக வேலை செய்கின்றன. இங்க்ஸ்கேப் உள்ளுக்குள் ஆர்ஜிபியில், அதாவது திரையின் சிவப்பு, பச்சை, நீல ஒளிக் கணக்கில், சிந்திக்கிற மென்பொருள். அதிலிருந்து சிஎம்ஒய்கே, அதாவது நான்கு மைக் கணக்கில், பிடிஎஃப் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். முடியும், ஆனால் தினமும் அச்சு வேலை செய்கிறவருக்கு அது தலைவலி. இங்க்ஸ்கேப்பை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைத்துப் பேசக் கூடாது.

திரைக்கு மட்டும் என்றால் எதில் வேண்டுமானாலும் வரையலாம். எஸ்விஜி சுத்தமாக வெளியே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வெட்டும் இயந்திரத்துக்குப் போகிறது என்றால் அளவு. இதில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெயர்ப்பலகைக்கு அக்ரிலிக்கில் எழுத்துகள் வெட்ட வேண்டியிருந்தது, உயரம் 100 மில்லிமீட்டர். நான் ஒரு மென்பொருளில் வரைந்தேன், வெட்டுகிறவர் வேறொன்றில் திறந்தார். வந்து சேர்ந்த எழுத்துகள் 75 மில்லிமீட்டர். எல்லாம் அழகாக, விளிம்பில் ஒரு பிசிறுகூட இல்லாமல், முக்கால் அளவில் இருந்தன. அச்சுப் பக்கங்களை விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியின் வழிவந்த அச்சு உலகம் ஓர் அங்குலத்தை 72 புள்ளிகளாகப் பிரிக்கிறது. வலை உலகம் ஓர் அங்குலத்தை 96 பிக்சலாகப் பிரிக்கிறது. கோப்பில் மில்லிமீட்டர் என்று அலகு எழுதாமல் வெறும் எண் மட்டும் போனால், வாங்குகிற மென்பொருள் தன் வழக்கப்படி அர்த்தம் செய்துகொள்ளும். 72-ஐ 96-ஆல் வகுத்தால் சரியாக முக்கால். இங்க்ஸ்கேப்பும் முன்பு அங்குலத்துக்கு 90 என்று வைத்திருந்து, 2017-ல் வந்த 0.92 பதிப்பில் 96-க்கு மாறியது. அதனால்தான் பழைய கோப்பைத் திறந்தால், எந்த அளவை வைத்துக்கொள்ளட்டும் என்று அது கேட்கிறது. அன்றிலிருந்து வெட்டுவதற்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்பிலும் ஓர் ஓரத்தில் 50 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து, "இதை அளந்து பாருங்கள்" என்று பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் தமிழ். மென்பொருள் ஒப்பீட்டுப் பட்டியல்களில் எழுத்து வசதி என்று ஒரு வரி போட்டுக் கடந்துவிடுவார்கள், நமக்கு அந்த ஒரு வரியில்தான் பாதி வாழ்க்கை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அடுத்து எகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் மட்டும் குறி முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்தின் பின்னால் போய் நிற்கும். நீங்கள் எங்கேயாவது பேனரில் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். இங்க்ஸ்கேப் இந்த வேலையை பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நூலகங்களிடம் ஒப்படைத்துவிடுவதால், தமிழ் எந்த அமைப்பும் மாற்றாமலே சரியாக வருகிறது. இல்லஸ்ட்ரேட்டரில் முன்னுரிமைகளுக்குள் போய் இந்திய மொழிகளுக்கான தெரிவுகளைக் காட்டச் சொல்லி, பத்திப் பலகத்தில் தெற்காசிய எழுத்துகளைக் கையாளும் கம்போசரை, அதாவது எழுத்தடுக்கும் முறையை, தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல், இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் வராது என்றே பல வருடம் நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய.

அந்த நம்பிக்கையால்தான் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் தட்டினால் கொம்பு தானாகச் சரியான இடத்தில் நிற்கும், ஏனென்றால் தட்டுகிறவரே கொம்பை முதலில் தட்டுகிறார். ஆனால் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் போட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும். தேட முடியாது, நகலெடுத்து வேறிடத்தில் ஒட்ட முடியாது. அவசரத்துக்கு அதைப் பயன்படுத்துகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறேன். இனி புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அது வேண்டாம். எந்த மென்பொருளை முயன்று பார்த்தாலும் முதலில் கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஐந்தையும் தட்டிப் பாருங்கள். ஐந்தும் ஒழுங்காக நின்றால் மேற்கொண்டு பேசலாம்.

"கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று அச்சகத்தில் சொல்வார்கள். எழுத்தை வளைகோடுகளாக மாற்றினால் எழுத்துரு இல்லாத கணினியிலும் எழுத்து மாறாது. நல்ல பழக்கம். ஆனால் மாற்றியதற்குப் பிறகு அது எழுத்தல்ல, படம். ஓர் ஒற்றுப் பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாற்றுவதற்கு முன் ஒரு நகலைத் தனியாக வைத்துவிடுங்கள்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, வளைவு. மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று உண்மையில் வேறுபடுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம்.

நாம் பென் டூல் என்ற பேனாக் கருவியால் இழுக்கும் வளைவுக்குப் பெசியே வளைவு என்று பெயர். 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தில் வேலை செய்த பியேர் பெசியே அதைப் பரவலாக்கினார். அவருக்கு முன்பே, 1959-ல், சித்ரோயென் கார் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோ அதே கணக்கைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அவருடைய நிறுவனம் அதை வெளியே விடவில்லை, பெயர் மற்றவருக்குப் போனது. கார் உடலின் வளைவை எண்களாகச் சொல்ல இருவரும் கண்ட வழியில்தான் இன்று லோகோ, எழுத்துரு எல்லாம் ஓடுகின்றன.

ஒரு புள்ளி, அதிலிருந்து நீளும் இரண்டு கைப்பிடிகள். இல்லஸ்ட்ரேட்டரில் ஆங்கர் பாயிண்ட் என்பார்கள், கோரல்டிராவிலும் இங்க்ஸ்கேப்பிலும் நோட் என்பார்கள். நான் புள்ளி என்றே சொல்கிறேன். நான்கு புள்ளிகள் போட்டு, ஒவ்வொரு கைப்பிடியையும் ஆரத்தின் 0.5523 மடங்கு நீளத்துக்கு இழுத்தால் வட்டம் கிடைக்கும். கணக்குப்படி அது முழுமையான வட்டம் அல்ல. ஆரத்தில் அதிகபட்சம் 0.027 சதவீதம் பிசகும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அது கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நான்கே நான்கு புள்ளிகளால் வட்டத்தைக் கண்ணெதிரே கொண்டுவர முடிகிறது என்பது இருபது வருடத்துக்குப் பிறகும் எனக்கு ஆச்சரியம்தான்.

எனவே புதிய மென்பொருள் எதையும் சோதிக்க நான் 'அ' வரைகிறேன். தொடக்கத்தில் ஒரு சின்னச் சுழி, அடியில் ஒரு பெரிய வளைவு, நடுவே ஒரு கிடைக்கோடு, வலப்புறம் நெட்டுக்கோடு. ஒரே எழுத்தில் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. முதலில் ஒரே கோடாக வரைந்துவிடுவேன். வளைவின் மேல் உச்சி, கீழ் உச்சி, இட வல ஓரங்கள் ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, கைப்பிடிகளைப் படுக்கையாகவோ நிமிர்ந்தோ இழுப்பது எழுத்துரு செய்கிறவர்களின் வழக்கம். அப்படி வரைந்தால் பிறகு ஒரு வளைவைக் கொஞ்சம் தடித்ததாக மாற்ற ஒரே ஒரு புள்ளியை நகர்த்தினால் போதும். இதைச் செய்யும்போது கைப்பிடி விரலுக்கு அடங்குகிறதா, ஷிஃப்டைப் பிடித்தால் நேராக நிற்கிறதா, ஒரு புள்ளியை அழித்தால் பக்கத்து வளைவு உருவம் குலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். சித்திரமும் கைப்பழக்கம் என்பார்கள். கை பழகுவதற்கு முன்பே முரண்டு பிடிக்கிற கருவியோடு பத்து வருடம் வாழ முடியாது.

அடுத்து, அந்தக் கோட்டுக்கு நல்ல தடிமன் கொடுத்து, அதைப் புற விளிம்புகள் உள்ள உருவமாக மாற்றச் சொல்வேன். இங்கேதான் குட்டு வெளிப்படும். ஒரு பெசியே வளைவுக்கு இணையாக, சம தூரத்தில் ஓடும் வளைவு பொதுவாக இன்னொரு பெசியே வளைவாக இருக்காது. அது கணிதம் போட்ட பூட்டு, எந்த நிறுவனமும் அதைத் திறக்க முடியாது. எல்லா மென்பொருளும் தோராயமாகத்தான் செய்கின்றன. சில, பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில் நயமாக முடிக்கும். சில, சுழிக்குள் மட்டும் முப்பது புள்ளிகளைத் தெளித்துவிடும். பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். வினைல் வெட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கிப் போய் விளிம்பில் நடுக்கம் தெரியும்.

படத்தைத் தானாக வெக்டராக்கும் வசதியைப் பார்த்து மயங்கி மென்பொருள் வாங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். இங்க்ஸ்கேப்பில் அந்த வேலையைச் செய்வது போட்ரேஸ், பீட்டர் செலிங்கர் எழுதிய அருமையான நிரல். சுத்தமான கருப்பு வெள்ளைக் கோட்டோவியத்தைக் கொடுத்தால் அழகாகச் செய்யும். மங்கிய ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தால், அந்த மங்கலையும் சேர்த்து நகலெடுக்கும். என் நாடகக் குழுவின் 300 பிக்சல் படத்தை அப்படியும் போட்டுப் பார்த்தேன். சதுரங்களின் படிக்கட்டை அது மிக நேர்மையாக வரைந்து கொடுத்தது.

மென்பொருள்களைப் பற்றித் தனித்தனியாகச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன். இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல் மேக்கில் வந்தது, இந்தத் துறையின் பேச்சுமொழியே அதுதான். டிசைன் நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் எண்ணம் இருந்தால் அதைக் கற்காமல் முடியாது. ஒரே உருவத்துக்கு அடுக்கடுக்காகக் கோடும் நிறமும் போட்டு, எப்போது வேண்டுமானாலும் திருத்த விடும் அதன் அப்பியரன்ஸ் பலகத்துக்கு இணையாக வேறெதையும் நான் பார்த்ததில்லை. 2012-ல் வந்த சிஎஸ்6-தான் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசிப் பதிப்பு. 2013-லிருந்து சந்தா மட்டுமே. சந்தா கட்டுவதை நிறுத்தினால் நம் கோப்பை நாமே திருத்த முடியாது, அந்த எண்ணம் என்னை உறுத்துகிறது. கோரல்டிரா 1989-ல் வந்தது. பெயர்ப்பலகை, செதுக்கல், வினைல் வேலை செய்கிறவர்கள் ஏன் அதை விடுவதில்லை என்பது ஒரு நாள் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் புரியும்: அளவு போடுவது, வரிசைப்படுத்துவது, ஓர் உருவத்துக்குள் இன்னொன்றை அடைப்பது எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும். சந்தா இல்லாமல் ஒரேயடியாக வாங்கும் வழியையும் அது வைத்திருக்கிறது.

ஃபிக்மா திரை வடிவமைப்புக்கானது. ஒரே புள்ளியிலிருந்து மூன்று நான்கு கோடுகள் கிளம்ப விடும் அதன் முறை அருமை, மற்றபடி அச்சுக்கு அதைத் தேடிப் போக வேண்டாம்.

அஃபினிட்டியின் வேகம் எனக்குப் பிடிக்கும். எவ்வளவு உள்ளே போனாலும் படம் தடுமாறாது. 2014-ல் மேக்கில் தொடங்கி, விண்டோஸ், ஐபேட் என்று வளர்ந்தது. அதை உருவாக்கிய செரிஃப் நிறுவனத்தை 2024-ல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபர் இறுதியில் வந்த புதிய அஃபினிட்டி இலவசமாகிவிட்டது. கேன்வாவில் ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் அதன் சொந்தக் கோப்பை மற்ற மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் திறக்க முடியாது. ஃப்ரீஹேண்டின் கதையைப் பார்த்தவள் என்பதால், கை மாறிய மென்பொருளில் வேலை செய்யும்போது அந்த பிடிஎஃப்பையும் எஸ்விஜியையும் மறக்காதே என்று இரண்டு முறை சொல்வேன்.

இங்க்ஸ்கேப்பில்தான் நான் தினமும் வேலை செய்கிறேன். சோடிபோடி என்ற கட்டற்ற மென்பொருளில், எந்தத் திசையில் போவது என்று கருத்து வேறுபாடு வந்தபோது, சிலர் நிரலை எடுத்துக்கொண்டு 2003-ல் தனியாகப் புறப்பட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் இங்க்ஸ்கேப். 1.0 என்ற எண்ணைப் போட்டுக்கொள்ள அவர்களுக்கு 2020 மே வரை ஆனது. அத்தனை பொறுமை. மங்கல் விளைவுகளை அதிகம் போட்டால் மெதுவாகும், அச்சு நிறத்தைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். ஆனால் கண்ட்ரோல் எல் அழுத்தினால் புள்ளிகள் குறைவதும், படத்துக்குப் பின்னால் இருக்கும் எழுத்தை அதிலேயே திறந்து ஓர் எண்ணைக் கையால் மாற்றினால் கோடு நகர்வதும், வேறெங்கும் எனக்குக் கிடைக்காத நிம்மதி. இதை யாரும் வாங்கி மூட முடியாது. ஒரு குழு விட்டுவிட்டால் இன்னொரு குழு எடுத்து நடத்தலாம், அது ஒருமுறை நடந்தும் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய பிறகு மறுநாள் அவளிடமிருந்து பதில் வந்தது. மரப்பலகையில் லேசரால் வெட்டிப் பெயர்ப்பலகைகள் செய்ய வேண்டும், எல்லாம் தமிழ்ப் பெயர்கள், கணினியில் இருப்பது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். "இதை நேத்தே சொல்லியிருந்தா ஒரு வரியில முடிச்சிருப்பேனே" என்றேன். இங்க்ஸ்கேப்பை நிறுவி, 'அ' வரைந்து அனுப்பச் சொன்னேன்.

முதலில் வந்த 'அ'வில் 58 புள்ளிகள். சுழிக்குள் மட்டும் 17. நான் அதில் வளைவின் உச்சிகளிலும் ஓரங்களிலும் சிவப்பு வட்டமிட்டு, இந்த இடங்களைத் தவிர மற்றதையெல்லாம் அழித்துப் பார் என்று திருப்பி அனுப்பினேன். மூன்று நாள் சத்தமில்லை. நான்காம் நாள் இரவு பதினொரு மணிக்குப் போன். "சித்தி, ஃபைலை நோட்பேடு மாதிரி ஒண்ணுல தொறந்து பாத்தேன். எம்-ன்னு தொடங்குது, அப்புறம் சி-யும் நம்பருமா வருது, கடைசில இசட். மொத்தமே ஏழெட்டு வரிதான். இதுவா என் 'அ'?"

எத்தனை வளைவு இருக்கிறது என்று எண்ணச் சொன்னேன். மெதுவாக எண்ணினாள். இருபத்தொன்று.